தாமிரபரணியில் ட்ரவுட் உண்டா? ஐப்பசியில் ஃபிளை தூண்டில் போடலாமா?

கல்லிடைக்குறிச்சியில் பிறந்து இப்போது ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். செப்டம்பர் மாதத்தில் அங்கே ஒரு வழிகாட்டியுடன் ஒரு நாள் முழுவதும் ஆற்றில் நின்று, ஃபிளை எனப்படும், இறகால் கட்டிய போலிப் பூச்சியை வீசி, இரண்டு ட்ரவுட் மீன்களைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டாராம். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மாஞ்சோலை ஓடைகளிலோ தாமிரபரணியிலோ அதே போல ட்ரவுட் பிடிக்க முடியுமா, ஐப்பசி அதற்கு ஏற்ற மாதமா, அங்கே போல இங்கேயும் வழிகாட்டி கிடைப்பாரா என்பவை அவருடைய கேள்விகள். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அதைவிட நெடுங்காலம் இந்த ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாமிரபரணியில் ட்ரவுட் இல்லை, இருக்கவும் முடியாது. மாஞ்சோலை ஓடைகள் புலிகள் காப்பகத்தின் காடுகளுக்குள் ஓடுவதால் அங்கே எந்த மீனுக்கும் தூண்டில் போடக் கூடாது. ஐப்பசி, உங்கள் கைக்குப் பழகிய அந்த வித்தைக்கு நம் ஊரில் ஆகாத மாதம். ஆயினும் அந்த வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீனையும் மாதத்தையும் இடத்தையும் நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டால் நல்ல தூண்டில் நாள்கள் உங்களுக்கு இங்கேயும் உண்டு. வழிகாட்டியும் உண்டு, அவர் பெயர்ப் பலகை வைத்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

ட்ரவுட் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் தண்ணீரின் வெப்பம். தண்ணீர் குளிரக் குளிர அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனின் அளவு கூடும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9 ஆகவும், 30 டிகிரியில் ஏழரை ஆகவும் குறைந்துவிடும். ட்ரவுட் விரைந்தோடும் நீரில் எதிர்த்து நிற்கும் மீன் என்பதால் அதற்கு மூச்சு நிறைய வேண்டும். நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அது இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 25 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. மார்கழிக் காலையில் நெல்லை குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கி எழுந்து பல் கிட்டிக்க நடுங்குகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகத் தோன்றலாம். ட்ரவுட்டுக்கு அது வெந்நீர்தான்.

தமிழ்நாட்டில் ட்ரவுட் உள்ள இடம் நீலகிரி. அதுவும் அங்கே தானாகப் பிறந்த மீன் அன்று. இந்திய மீன்களை ஆராய்ந்த மருத்துவர் பிரான்சிஸ் டே 1863இல் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். வெப்பக் கடல்களைக் கடக்கும் பயணத்தில் அவை பிழைக்கவில்லை. பிறகு சென்னை அரசின் மீன் வளர்ப்பு வல்லுநராக இருந்த எச். சி. வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. பல வகைகளை விட்டுப் பார்த்ததில், வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளுக்கு உரிய வானவில் ட்ரவுட்தான் நீலகிரியின் உயரமான ஓடைகளில் நிலைத்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தாரும் தங்கள் மலையில் அதை வளர்த்தார்கள். இந்த இரண்டு மலைகளும் 2000 மீட்டரையும் கடந்து எழுபவை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய ஊர்கள் எவ்வளவு குளுமையாக இருந்தாலும் 1000 முதல் 1500 மீட்டருக்குள் அடங்குபவை; பூமத்திய ரேகைக்கும் நெருங்கியவை. நீலகிரிக்கே போக நினைத்தால், ட்ரவுட் உள்ள நீர்நிலைகளில் பெரும்பகுதி காடுகளுக்குள் இருப்பதால், மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி நிலவரத்தைக் கேட்டு உறுதி செய்யாமல் ஊட்டிக்குப் பேருந்து ஏற வேண்டாம்.

"மாஞ்சோலையில் கொஞ்சம் ட்ரவுட் குஞ்சு விட்டுப் பார்த்தால் என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. விடக் கூடாது என்பதே என் கருத்து. பொதிகை மலையின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. 1954இல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் இங்கிருந்து விவரித்த ஒரு கெண்டைக்கு இந்த ஆற்றின் பெயரே அறிவியல் பெயராக அமைந்தது. முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல்போல நீண்ட, உள்ளங்கையில் அடங்கும் அழகிய மீன் அது. பாறையில் உதட்டால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கல்லொட்டி மீன் ஒன்றுக்குக் களக்காட்டின் பெயர் உண்டு. ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மையத்தார் இந்த மலை மீன்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இத்தகைய ஓடையில் வேட்டைக்கார மீன் ஒன்றை விடுவது கோழிக் கூட்டுக்குள் கீரியை விட்டுவிட்டு முட்டை எண்ணப் போவது போன்றது.

இனி மாதத்துக்கு வருவோம். உங்கள் வழிகாட்டி இலையுதிர் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லியிருப்பார். அவர் ஊரில் அது உண்மை. கோடையில் சூடேறிச் சோர்ந்திருந்த ஆறு செப்டம்பரில் மீண்டும் குளிர்கிறது. ட்ரவுட்டுக்குப் பசி திரும்புகிறது; குளிர்காலம் வருமுன் உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டிய அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தின் இறுதியில் முட்டையிடும் மீன். அதனால் ஆண் மீன்கள் நிறம் ஏறி, தாடை வளைந்து, தம் எல்லைக்குள் வரும் எதையும் தாக்கும் மனநிலைக்கு வருகின்றன. அதே காரணத்தால்தான் ஸ்காட்லாந்தில் அக்டோபர் 6ஆம் தேதியோடு பழுப்பு ட்ரவுட் பிடிப்பது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அங்கே ஆற்றுக்குப் போகிறவர்கள் கிரேலிங் என்ற மீனைத் தேடுகிறார்கள். பாய்மரம் போல உயர்ந்த முதுகுத் துடுப்புள்ள அந்த மீன் வசந்தத்தில் முட்டையிடுவதால் குளிர்காலம் முழுவதும் அதைப் பிடிக்கலாம். நம் நாட்டிலேயே இலையுதிர் காலத்து ட்ரவுட் வேண்டுமானால் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆறு நல்ல இடம். மழைக்காலம் முடிந்து செப்டம்பர் இறுதியில் அந்த ஆறு தெளியத் தொடங்கும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. ஆகவே தெளிந்த நீரும் திறந்த ஆறும் சேர்ந்து கிடைப்பது ஏறக்குறைய ஐந்து வாரங்களே. மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு பெற்று, உள்ளூர் வழிகாட்டியுடன் அங்கே நிற்கலாம். நீங்கள் டெல்லி வழியாக வருவதாக இருந்தால், விடுமுறையைச் சற்று முன்னால் தள்ளி அக்டோபருக்குள் அங்கே மூன்று நாள் தங்கிவிட்டு ஊருக்கு வாருங்கள். ட்ரவுட் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் ஊரில் அதே மாதங்களில் நடப்பது வேறு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது; ஐப்பசி பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அடைமழை பிடித்துவிட்டால் கடனாநதியும் மணிமுத்தாறும் பச்சையாறும் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து தாமிரபரணியில் சேர்க்கின்றன. ஃபிளை என்பது மீன் கண்ணால் பார்த்து எடுக்கும் இரை. மண்புழுவுக்கு வாசனை உண்டு, மாவு உருண்டைக்கும் வாசனை உண்டு. இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய ஃபிளைக்கு எந்த வாசனையும் கிடையாது. முழங்கால் ஆழத்தில் உங்கள் கால் விரல் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் மீனுக்கும் உங்கள் ஃபிளை தெரியாது. இந்தக் கலங்கல்தான் ஐப்பசியை நம் ஊரில் ஆகாத மாதமாக்குகிறது.

ஆகவே நம் ஆற்றில் ஃபிளைக்கு உரிய நாள்கள் இரண்டு வேளைகளில் வருகின்றன. ஒன்று, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, கார் பருவ நெல் அறுவடை முடிந்து, பிசானப் பருவ நெல் சாகுபடிக்கு நீர் திறக்கும் முன்பு வரும் புரட்டாசி. ஆறு வற்றாமலும் பெருகாமலும் கண்ணாடி போல ஓடும் அந்த மூன்று நான்கு வாரங்களே நமக்குக் கிடைக்கும் இலையுதிர் காலம். இன்னொன்று, வெள்ளம் வடிந்து தெளிந்த தை, மாசி மாதங்கள். நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் போடும் மூலையைத் தினமும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பாபநாசம் அணையின் உச்ச அளவு 143 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி. இவை நிறையும் நிலையில் இருந்து, மேலே மழையும் பெய்தால், ஆற்றில் எப்போது வேண்டுமானாலும் நீர் கூடும். திருநெல்வேலி மாநகரில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய அளவுகோல் குறுக்குத்துறை முருகன் கோயில். அந்தக் கோயிலைச் சுற்றித் தண்ணீர் ஏறத் தொடங்கினால் தூண்டிலைச் சுருட்டிப் பரணில் வைத்துவிடலாம்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் முக்கூடலுக்கு மேலே, ஆற்று நடுவில் இருந்த ஒரு பாறையில் காலை ஏழு மணிக்கு ஏறி நின்று, ஒரே ஒரு கெண்டை மேலே வந்து வந்து வாய் வைக்காமல் போவதில் மதிமயங்கி, ஒன்றரை மணி நேரம் கரையைத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மழை என்ற நினைப்பே இல்லை. மேலே மலையில் இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் நடந்து வந்த முழங்கால் தண்ணீர் இடுப்பைத் தாண்டியிருந்தது. மறுகரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றோடு வந்திராவிட்டால் இந்தப் பதிலை எழுத ஆள் இருந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஆறு திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரு மாவட்டங்களையும் புரட்டிப் போட்டதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் தூண்டில்காரனுக்கு உரிய இடம் திண்ணை.

இனி வித்தையைப் பற்றி. ஒரு நாள் வழிகாட்டியோடு நின்றவர் என்பதால் உங்களுக்குக் கை அசைவு தெரியும். அதன் காரணமும் தெரிந்தால் ஊரில் தனியாகப் பழகுவது எளிது. நாம் சிறு வயதில் போட்ட தூண்டிலில் தங்கூசி என்ற நைலான் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளைக்கு எடையே இல்லாததால் அதை யாராலும் எறிய முடியாது. ஆகவே இங்கே எடை நரம்பில் இருக்கிறது. மேலே பூச்சுப் பூசிய தடித்த நரம்பு அது. 5ஆம் எண் நரம்பின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம், 8ஆம் எண் என்றால் பதின்மூன்றரை கிராம் இருக்கும். கோலைப் பின்னால் வீசி நிறுத்தும்போது அந்த நரம்பு முதுகுக்குப் பின்னே காற்றில் விரிந்து நீள்கிறது. முழுவதும் நீண்ட அந்தக் கணத்தில் அதன் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும் வேகத்தில் நரம்பு முன்னே பாய்கிறது. நரம்பு பின்னால் நீள்வதற்குள் கை அவசரப்பட்டால் சாட்டை போலச் சொடுக்கும் சத்தம் கேட்கும். ஃபிளை அறுந்து போயிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் காத்திருத்தல் இல்லாமைதான். மேலப்பாளையத்துச் சந்தைக்குக் கிடா ஓட்டிப் போகிறவர் சாட்டையைச் சொடுக்குவது சத்தத்துக்காக. நமக்கு வேண்டியது சத்தமே இல்லாத சாட்டை.

வீசிய பிறகு நடப்பது வீச்சைவிட முக்கியம். உண்மையான பூச்சி ஆற்றின் போக்கில் மிதந்து போகும். அது நீரைக் கீறிக்கொண்டு குறுக்கே ஓடாது. உங்கள் நரம்போ வேகமான ஓட்டத்திலும் மெதுவான ஓட்டத்திலும் ஒரே நேரத்தில் கிடப்பதால், நடு நரம்பு முந்திச் சென்று ஃபிளையை இழுக்கும். அந்த இழுப்பு மீனுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் நரம்பு விழுந்தவுடன் கோல் நுனியால் அதை மேலோட்டப் பக்கம் ஒரு வளைவாகத் தூக்கிப் போட வேண்டும். வளைவு நேராகும் வரை ஃபிளை சுதந்திரமாக மிதக்கும். கிடைக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்காகத்தான் இத்தனை பாடும்.

மீனின் பார்வையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆற்று மீன் பெரும்பாலும் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் அதன் முதுகுப் பக்கம், அதாவது கீழோட்டத்திலிருந்து மேல்நோக்கி நடந்து அணுக வேண்டும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மீன் மேலே பார்க்கும் உலகம் ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்குகிறது. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரம் இரண்டேகால் அடி அகலமே. அதற்கு வெளியே நீரின் மேற்பரப்பு ஆற்றுத் தரையைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாகத் தெரியும். தரையை ஒட்டிக் குனிந்து வருகிறவன் அந்தச் சாளரத்தின் விளிம்பில் நசுங்கிய கோடாகத்தான் தெரிவான். வெள்ளைச் சட்டையோடு கரை உச்சியில் நிமிர்ந்து நிற்கிறவனை மீன் முதலிலேயே பார்த்துவிடும்.

உங்கள் பெட்டியில் உள்ள ஸ்காட்லாந்து ஃபிளைகள் அங்குள்ள நீர்ப்பூச்சிகளின் சாயல்கள். நீருக்கடியில் ஓராண்டு வரை புழுவாக வாழ்ந்து, சிறகு முளைத்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் உயிரோடு இருக்கும் பூச்சிகள் அவற்றில் முக்கியமானவை. அவற்றின் உறவினங்கள் நம் மலை ஓடைகளிலும் உண்டு. ஆனால் சமவெளியில் மீனை வெறிகொள்ள வைக்கும் பூச்சி வேறு: ஈசல். மழை பெய்து வெறித்த மாலையில் புற்றிலிருந்து புகைபோல எழுந்து, விளக்கைத் தேடிப் போகும் வழியில் ஆற்றிலும் குளத்திலும் சொரிகிற ஈசலுக்குக் கெண்டை மட்டுமல்லாமல் விரால்கூட மேலே வரும். நான் பன்னிரண்டாம் எண் முள்ளில் பழுப்பு நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகிலிருந்து நான்கு நீள இழைகளைச் சிறகாகக் கட்டி ஈசல் செய்துகொள்வேன். ஐப்பசியில் நீங்கள் வந்துதான் தீர வேண்டும் என்றால், கலங்காத ஒரு சிறு குளத்தின் கரையில் அப்படி ஒரு மாலை கிடைக்கக் கூடும். அதற்காகவாவது நாலைந்து ஈசல் கட்டிக்கொண்டு வாருங்கள். உலகெங்கும் ஃபிளை கட்டுகிறவர்கள் விலை கொடுத்து வாங்கும் மயிலிறகு இழை நம் ஊர்க் காட்டுவெளியில் உதிர்ந்து கிடக்கிறதே என்று திரும்பிப் போகும்போது பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அதை நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தடை உண்டு.

எங்கே, எந்த மீன் என்பதற்கு வருகிறேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை, மணிமுத்தாற்று மலை ஆகிய அனைத்தையும் மறந்துவிடுங்கள். 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, இரண்டும் இணைந்து 1988இல் புலிகள் காப்பகமாயின. ஃபிளைக்கு மிக ஏற்ற மீனாகிய மகசீர் அந்தத் தெளிந்த மடுக்களில் நிற்பது எனக்கும் ஆசையைக் கிளப்பும் காட்சிதான், பார்ப்பதோடு சரி. மகசீரைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டால் பாபநாசம் கோயில் படித்துறையில் இரண்டு ரூபாய்ப் பொரியைப் போடுங்கள். காலடியில் மீன்கள் மொய்க்கும். படித்துறை மீன்களைப் பிடிப்பதைப் பாவம் என்று ஊரார் நினைக்கிறார்கள். மீன்களுக்குச் சட்டம் தந்ததைவிட அந்த எண்ணம் தந்த பாதுகாப்பு பெரிது. கோயில் துறை எதிலும் தூண்டிலை எடுக்கவே வேண்டாம்.

அம்பாசமுத்திரத்துக்குக் கீழே ஆறு சமவெளிக்கு வந்த பிறகு உங்களுக்கு இடம் உண்டு. சேரன்மகாதேவியிலிருந்து சுத்தமல்லி வரை, அணைக்கட்டுகளுக்குக் கீழே சற்றுத் தள்ளி, பாறைகளுக்கு இடையே வேக ஓட்டமும் அமைதி நீரும் உரசும் கோட்டில் கெண்டை வகைகள் நிற்கும். 4 அல்லது 5ஆம் எண் கோலும் மிகச் சிறிய ஃபிளையும் போதும். பிடிபடும் மீன் ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் ஃபிளை மிதக்க வேண்டிய விதத்தை இந்தச் சிறு கெண்டைகளைப் போலக் கறாராகக் கற்றுத் தரும் ஆசான் வேறு இல்லை. ஆழமான மெதுவான இடங்களில் ஜிலேபி கிடைக்கும். 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் குளங்களையும் ஆறுகளையும் பிடித்துக்கொண்ட ஆப்பிரிக்க மீன் அது. நாட்டு மீன்களை அளவோடு பிடித்து விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் நான், ஜிலேபியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி ஊற்றிக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

விரால் குளத்து மீன். தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும் பழக்கம் உள்ளதால், 'பொளக்' என்று எழும் ஒரு குமிழி அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆம்பல் இலைகளின் ஓரமாகத் தவளை போலக் கட்டிய பெரிய ஃபிளையை இழுத்து இழுத்து நிறுத்தினால் பாய்ந்து அடிக்கும். குளம் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனியே அதற்கு நல்ல காலம். மழைக்காலத்தில் சிவந்த குஞ்சுகளின் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பது போலத் தெரிந்தால், அடியில் தகப்பன் காவல் நிற்கிறது என்று பொருள். அப்போது அது எதை எறிந்தாலும் தாக்கும். அந்தத் தைரியத்தைப் பயன்படுத்திக்கொள்வது தூண்டில்காரனுக்கு அழகன்று. குளங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான குளங்களின் மீன்பாசி உரிமை ஏலத்தில் போயிருக்கும். குத்தகைதாரரைக் கண்டு, "பிடித்து விட்டுவிடுவேன், விரும்பினால் எடைக்குக் காசும் கொடுத்துவிடுகிறேன்" என்று முதலிலேயே பேசிவிட்டால் சண்டை இல்லை.

ஆயினும் ஸ்காட்லாந்து ஆற்றில் கோல் வளைந்த அந்தச் சுகத்தை மறுபடி அனுபவிக்க வேண்டுமானால் நான் அனுப்புவது புன்னைக்காயலுக்குத்தான். ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் அந்த முகத்துவாரத்தில், அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கு இடையே கொடுவா மீன் பதுங்கியிருக்கும். கடல் ஏற்றத்தின் இறுதியிலும் இறக்கத்தின் தொடக்கத்திலும் சிறு மடவை மீன்கள் ஓடைகளிலிருந்து வெளியேறும் வாயில், 8 அல்லது 9ஆம் எண் கோலில், சிறு மீன் போலக் கட்டிய வெள்ளை ஃபிளையை வேரை ஒட்டி வீச வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும். நுனியில் தடித்த நரம்பு கட்டாயம். அந்த மீன் ஆணாகப் பருவமெய்தி, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே பெரிய கொடுவா என்றால் ஏறக்குறைய எப்போதும் முட்டையிடும் பெண். நடுத்தர மீனை வேண்டுமானால் வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுங்கள்.

வழிகாட்டி யார் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்காட்லாந்தில் அவரைக் கில்லி என்று அழைப்பார்கள். பையன், ஏவலாள் என்ற பொருளுள்ள பழைய கேலிக் மொழிச் சொல் அது. நம் ஊர்ப் பையன்கள் குச்சியால் அடித்து ஆடும் கில்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். நல்ல வழிகாட்டி செய்வது மூன்று வேலை: மீன் நிற்கும் இடத்தைக் காட்டுவார், உங்கள் வீச்சைத் திருத்துவார், ஆபத்திலிருந்து காப்பார். நம் ஆற்றங்கரையில் இரண்டாவது வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஊருக்கு ஒருவர் உண்டு. வீச்சுவலை வைத்திருக்கும் பெரியவரையோ, புன்னைக்காயலில் சிறு வள்ளம் வைத்திருப்பவரையோ முந்தின நாள் மாலையே போய்ப் பார்த்து, "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு நாள் என்கூட வரமுடியுமா? உங்களுக்கு ஒரு நாள் பாட்டுக்கு என்ன வருமோ அதைக் கொடுத்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். பேரம் பேசாதீர்கள், அவர் அன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு வருகிறார். உங்கள் ஃபிளையைப் பார்த்து அவர் சிரிப்பார். "இதுல வாசமே இல்லையே, எப்படிக் கடிக்கும்?" என்பார். முதல் மீன் கடிக்கும் வரை அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை என்னோடு வந்தவர், கரையில் நின்ற மருத மரத்திலிருந்து நீருக்குள் பழுப்பிலை விழும் இடத்தைக் காட்டி, "இலை எங்கே சுத்திச் சுத்தி நிக்கோ அங்கே போடுங்க சார்" என்றார். ஓட்டங்கள் உரசும் கோட்டைக் கண்டுபிடிக்க நான் படித்த எதுவும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களிடம் இருக்கும். குளிர்நாட்டுக்காகச் செய்த நரம்பு நம் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். ஒரு கடையில் இதை அறியாமல் குளிர்நாட்டு நரம்பை வாங்கிவந்து, சித்திரை வெயிலில் அது கோல் வளையங்களில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றதைப் பார்த்தவன் நான்; வெப்ப நாட்டுக்கு என்று தனியாக விற்பதை வாங்குங்கள். இடுப்பு வரை ஏறும் ரப்பர்க் காலுறை இங்கே வேண்டாம். பழைய காற்சட்டையும் பாறையில் வழுக்காத செருப்பும் போதும். துருவேற்றும் கடல் காற்றில் பயன்படுத்திய ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

மீனை விடுவதாக இருந்தால், முள்ளின் உட்புறம் நீட்டியிருக்கும் சிறு கூர்முனையை வீட்டிலேயே குறடால் அழுத்தி மழுக்கிவிட்டுக் கிளம்புங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும், பிறகு அந்த இடத்தில் பூசணம் பிடிக்கும். புகைப்படம் எடுக்க வேண்டுமானால் நண்பர் தயாராகும் வரை மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். வெயில் ஏறிய பதினோரு மணிக்கு மேல் நாட்டு மீன்களை விட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுவது என் வழக்கம். சூடான நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பல நேரம் பிழைப்பதில்லை.

விடுமுறையை மாற்ற முடியுமானால் அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு வாருங்கள். மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் ஆறு பெரும்பாலும் தெளிந்திருக்கும். முதல் இரண்டு நாள் சேரன்மகாதேவிப் பக்கம் கெண்டைகளிடம் கை பழகிவிட்டு, மூன்றாம் நாள் விடிகாலையில் புன்னைக்காயலுக்குப் போகலாம். இந்தத் தீபாவளிக்கே வருவதானால் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கோலை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், முள்ளில்லாத ஃபிளையை 30 அடி தூரத்தில் வைத்த தாம்பாளத்துக்குள் போட்டுப் பழகுங்கள். நரம்பு பின்னால் நீண்டு முடியும் வரை காத்திருக்கிறீர்களா என்று மட்டும் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.